வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் ஆட்டம்: கடைசி மூன்று இன்னிங்ஸுக்கு எம்எல்பி.டிவி தேறுமா?

ஒன்பது இன்னிங்ஸ் ஓடும் பேஸ்பாலில் ஆறாவது இன்னிங்ஸ் வரை எந்த ஸ்ட்ரீமிங் சேவையும் நல்ல சேவைதான். படம் பளிச்சென்று இருக்கும், வர்ணனை காதுக்கு இதமாக இருக்கும். உங்கள் அணி 4-3 என்று ஒரே ஒரு ரன் முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸுக்குள் நுழைந்து, புல்பென் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தயாராகும் இடம்) கதவு திறந்து ஒரு ரிலீவர், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர், ஓடிவரும்போதுதான் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். அமெரிக்க பேஸ்பால் லீகான எம்எல்பியின் கட்டண வீடியோ சேவை எம்எல்பி.டிவி, அதே செயலியில் இலவசமாக வரும் நேரடி ஸ்கோர்ப் பக்கமான கேம்டே, பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய புள்ளிவிவரத் தளங்களான ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சாவன்ட் ஆகியவற்றை அந்த ஒரு நேரத்தை மட்டும் வைத்து இங்கே எடை போட்டிருக்கிறது. முன்னிலை பறிபோவதை எந்தச் செயலியும் தடுக்கப் போவதில்லை. அது ஏன் பறிபோகிறது என்பதை நல்ல சேவை காட்டிக்கொடுக்கும். மோசமான சேவை, திரையில் நடப்பதற்கு முன்பே போனில் மணியடித்துச் சொல்லிவிடும். எம்எல்பி செயலி இரண்டு வேலையையும் செய்கிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேதனையின் கணக்கு முதலில் பிடிபடாது. கடைசி ஓவரில் 15 ரன் தேவை என்றால் ஆறு பந்தில் ஏதோ ஒரு முடிவு வந்துவிடும். பேஸ்பாலில் தீர்ந்துபோக பந்தும் இல்லை, நேரமும் இல்லை. 27 அவுட்டையும் எடுத்தே ஆக வேண்டும். 26 எடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. 1986 அக்டோபர் 25, லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், நியூயார்க் ஷே ஸ்டேடியம். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-3 என்று முன்னிலை. எதிரணியான நியூயார்க் மெட்ஸுக்கு இரண்டு அவுட், பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்லும் நிலைகள்) ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு வரிசையாக மூன்று சிங்கிள், ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாதபடி வீசிய பந்து), கடைசியாக பாஸ்டன் வீரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே உருண்டோடிய ஒரு தரைப்பந்து. மெட்ஸ் 6-5. அந்தச் சரிவில் ஒரு ஹோம் ரன்கூட விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசி நேரச் சரிவு பெரும்பாலும் இப்படித்தான் வரும், சின்னச் சின்னதாக.

முதலில் தாமதத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதிகம் பேர் வயிறெரிவது இதில்தான். எம்எல்பி.டிவி வீடியோ மைதானத்தில் நடப்பதற்குப் பின்னால்தான் ஓடுகிறது. இணையத்தையும் கருவியையும் பொறுத்துச் சில பிட்ச்கள்கூடப் பிந்தலாம். கேம்டே அதற்கு முன்னால் ஓடும். போனுக்கு வரும் அறிவிப்பும் அப்படியே. திரையில் பிட்சர் (பந்துவீச்சாளர்) இன்னும் கேட்சரின் சைகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்; போன் அதிர்ந்து, எதிரணி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டது என்று சொல்லிவிடும். அடுத்த அரை நிமிடம் நீங்கள் பார்ப்பது ஆட்டம் அல்ல, பிரேதப் பரிசோதனை.

இதற்கு வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் அணிக்கான அறிவிப்பு அமைப்பில் ஸ்கோர், முன்னிலை மாற்றம், ஆட்ட முடிவு ஆகிய மூன்றையும் அணைத்துவிட வேண்டும். ஆட்டத் தொடக்க அறிவிப்பு மட்டும் இருந்தால் போதும். வேறு விளையாட்டுச் செயலிகள் போனில் இருந்தால் அவற்றிலும் இதைச் செய்யாவிட்டால் பயனில்லை. மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருப்பவர்கள் அதையும் மறக்கக் கூடாது. கேம்டேயை இன்னொரு திரையில் வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பவர்கள் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அதை மூடிவிடுவது நல்லது. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவைக்கப் பொத்தான் எதுவும் கிடையாது.

அடுத்த குறை விளம்பர இடைவேளை. முன்னிலை ஊசலாடும்போது மேலாளர் பிட்சரை மாற்றுவார். 2023-இல் வந்த கடிகார விதிப்படி பிட்சர் மாற்றத்துக்கு 2 நிமிடம் 15 விநாடி. தெரிந்த ரசிகருக்கு அந்த இடைவெளிதான் பொக்கிஷம். புதிய பிட்சரின் வார்ம்-அப் பந்துகள் எங்கே போய் விழுகின்றன, வளைந்து வரும் பிரேக்கிங் பால் தரையில் குத்துகிறதா, கேட்சர் எழுந்து எழுந்து பிடிக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எம்எல்பி.டிவி அந்த நேரத்தில் விளம்பரத்தையோ, விளம்பர இடைவேளை நடக்கிறது என்று சொல்லும் வெற்று அட்டையையோ காட்டும். சந்தா கட்டியும் இதுதான் நிலை. இந்த ஓர் இடத்தில் சேவை சுத்தமாகத் தோற்கிறது.

அந்தத் தோல்வியைப் பாதியாவது சரிக்கட்டுவது வானொலி. வீடியோ ஓடும்போதே ஒலியை மாற்றிக்கொள்ளும் வசதி செயலியில் இருக்கிறது. சொந்த மைதான அணியின் வானொலி, வந்த அணியின் வானொலி என்று பல ஆட்டங்களுக்கு இரண்டும் கிடைக்கும். தொலைக்காட்சி வர்ணனையாளர் படம் சொல்வதையே திரும்பச் சொல்வார். வானொலிக்காரருக்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம். அதனால் புல்பென்னில் யார் எழுந்திருக்கிறார், யார் உட்கார்ந்துவிட்டார், வெளிக்களத்தில் நிற்பவர்கள் எத்தனை அடி பின்னால் போனார்கள், எதிரணி டக்அவுட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்பது யார் என்பதெல்லாம் அங்கேதான் வரும். கடைசி மூன்று இன்னிங்ஸுக்குத் தேவையான தகவல் அதுதான். ஒலி மட்டும் கேட்கும் சந்தா வீடியோவைவிடப் பல மடங்கு மலிவு. உள்ளூர்த் தடையும் அதற்கு இல்லை. ஒரே அணியைப் பின்தொடர்பவர், கேம்டேயோடு சேர்த்து இதை மட்டும் வாங்கினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சாதாரண வானொலிப் பெட்டியில் கேட்டுக்கொண்டே வீடியோ பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது வீடியோவைவிட வெகுவாக முந்தி ஓடும்.

இனி வெற்றி வாய்ப்பு வரைபடம். கேம்டேயிலும் உண்டு, ஃபேன்கிராஃப்ஸிலும் உண்டு, ஆட்டம் முடிந்த பிறகு பேஸ்பால்-ரெஃபரன்ஸிலும் உண்டு. இதைப் பார்த்து நெஞ்சு குளிர்பவர்கள் ஏராளம், அதனால் சற்று விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வந்த அணி ஒரு ரன் முன்னிலையில் இருக்க, சொந்த மைதான அணி பேட் செய்யும் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி தொடங்குகிறது என்று வையுங்கள். வந்த அணி ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம். இரண்டு ரன் என்றால் 90-ஐ ஒட்டி வரும், மூன்று ரன் என்றால் 95-ஐத் தாண்டும். ஒரு ரன் முன்னிலையில் முதல் பேட்டருக்கே வாக் (நான்கு தவறான பந்து வீசி, அவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்துவிட்டால் அந்த 80, மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடும். நான்கே பந்தில்கூட அது நடந்துவிடும், ஒருவரும் பந்தை மட்டையால் தொட்டிருக்க வேண்டியதில்லை. யாரும் அவுட் ஆகாத நிலையில் முதல் பேஸில் ஓர் ஆள் நின்றால் அந்த இன்னிங்ஸில் ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பு 40 சதவீதத்துக்குச் சற்று மேல். அவர் வாக்கில் வந்தாரா, சிங்கிள் அடித்து வந்தாரா என்பதில் வித்தியாசம் இல்லை. அரங்கம் முழுக்க முதல் வாக்குக்கே முணுமுணுப்பது சும்மா இல்லை.

ஆனால் ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் வரைபடங்கள் சராசரி அணிகளை வைத்துக் கணக்கிடுபவை. பந்து வீசும் மேட்டில் நிற்கும் குளோசர் (கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க வரும் ரிலீவர்) நேற்று 28 பந்து வீசினார் என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அடுத்து வரும் மூவரும் எதிரணியின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பேட்டர்கள் என்பதும் தெரியாது. 80 என்று எழுதியிருந்தால், இதே நிலையில் இருந்த சராசரி அணிகளில் ஐந்துக்கு நான்கு ஜெயித்தன என்றுதான் பொருள். உங்கள் அணியின் புல்பென்னைப் பற்றி அது எந்த உறுதியும் தரவில்லை. வரைபடத்தைவிடப் பயனுள்ளது அதன் பக்கத்தில் ஃபேன்கிராஃப்ஸ் போடும் லெவரேஜ் இன்டெக்ஸ். ஒரு தருணம் ஆட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லும், டாம் டேங்கோ என்ற ஆய்வாளர் உருவாக்கிய கணக்கு இது. சராசரித் தருணத்துக்கு மதிப்பு 1. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் வித்தியாசம், மூன்று பேஸும் நிறைந்து இரண்டு அவுட் என்றால் 10-ஐத் தாண்டும். ஏழாவது இன்னிங்ஸில் அது 3-ஐத் தொட்டும் மேலாளர் தன் நான்காவது தர ரிலீவரையே வைத்துக்கொண்டிருந்தால், திட்ட வேண்டியது மேலாளரை.

ஆட்டத்துக்கு முன்பே ஐந்து நிமிடம் செலவழிக்கத் தயார் என்றால், எல்லாவற்றிலும் சிறந்த பக்கம் ஃபேன்கிராஃப்ஸின் ரோஸ்டர்ரிசோர்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே குளோசர் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒவ்வோர் அணியின் குளோசர், அவருக்கு முன் வரும் செட்-அப் பிட்சர்கள், கடந்த சில நாட்களில் யார் எப்போது வீசினார்கள் என்பது எல்லாம் அதில் வரும். பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: தொடர்ந்து இரண்டு நாள் வீசியவர் யார், முந்தைய நாள் 25 பந்துக்கு மேல் வீசியவர் யார். அவர்கள் இன்று வந்தால் கட்டுப்பாடு போய்விடும், வராவிட்டால் அவர்களுக்கும் கீழே இருப்பவர் வருவார். எப்படியும் எட்டாவது இன்னிங்ஸ் சுகமாக இருக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இந்தத் தகவலை எம்எல்பி செயலி ஏன் கேம்டே திரையிலேயே கொடுப்பதில்லை என்பது புரியாத புதிர். எல்லாத் தரவும் அவர்களிடம்தான் இருக்கிறது.

புல்பென்னை நம்பாத மேலாளர் என்ன ஆவார் என்பதற்கு 2016 அக்டோபர் 11 ஒரு பாடம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேட் மூர் எட்டு இன்னிங்ஸில் 120 பந்து வீசி 5-2 முன்னிலையை ஒப்படைத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் புரூஸ் போச்சி ஐந்து ரிலீவர்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கினார். லா ஒரு சிங்கிள் கொடுத்தார், லோபஸ் ஒரு வாக் கொடுத்தார், ரோமோ ஒரு டபுள் கொடுத்தார். மூவரும் ஆளுக்கு ஒரே ஒரு பேட்டரைப் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். ஸ்மித் கையில் ஸ்கோர் 5-5 ஆனது, ஸ்ட்ரிக்லாண்ட் கையில் எதிரணியான சிகாகோ கப்ஸ் 6-5 ஆக்கியது. அந்த பிளேஆஃப் தொடரும் அதோடு முடிந்தது. இன்றைக்கு இதே தவறைச் செய்ய முடியாது. 2020-லிருந்து இறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களை எதிர்கொள்ள வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். எனவே ரிலீவர் வரும்போது எதிரே நிற்பவரை மட்டும் பார்த்தால் போதாது. கேம்டேயில் பேட்டிங் வரிசையைத் திறந்து அடுத்த மூவரையும், அவர்கள் இடதா வலதா என்பதையும் பாருங்கள். இடது கை ரிலீவர் இடது கை பேட்டரை அடக்கிவிட்டு, அடுத்த இரண்டு வலது கை பேட்டர்களிடம் மாட்டிக்கொள்வது இப்போது அடிக்கடி நடக்கிறது. அந்த இடத்தில் கேம்டே நூற்றுக்கு நூறு.

ஆட்டம் ஓடும்போது பேஸ்பால் சாவன்ட்டின் கேம்ஃபீட் பக்கத்தில் ஒவ்வொரு பிட்சின் வேகமும் வந்து விழும். அது கேம்டேயைவிட அடர்த்தியானது, கண்ணுக்கு அழகில்லாதது, இலவசமானது. ரிலீவரின் முதல் நான்கைந்து ஃபாஸ்ட்பால்களை அவருடைய சீசன் சராசரியோடு ஒப்பிடுங்கள். மணிக்கு 2 மைல் குறைந்திருந்தால் கை ஓய்ந்திருக்கிறது. வேகம் அப்படியே இருந்து பந்து மட்டும் ஸ்ட்ரைக் மண்டலத்தின் நடுவில், பேட்டருக்கு வசதியாக, விழுந்தால் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி வலிக்கும், அவ்வளவுதான். அதே பக்கத்தில் அடிபட்ட ஒவ்வொரு பந்துக்கும் அது ஹிட் ஆகும் வாய்ப்பு என்ன என்ற எண் இருக்கும். சமன் செய்த அந்த சிங்கிளுக்கு .150 (நூற்றுக்கு 15) என்று போட்டிருந்தால் பிட்சர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், பந்துதான் துரோகம் செய்தது. .800 என்று இருந்தால் யாருக்கும் சாக்கு இல்லை. தோற்ற இரவில் யாரைத் திட்டுவது என்று தீர்மானிக்க இதைவிட நேர்மையான கருவி இல்லை.

வேகமும் இருந்து, கணக்கும் சாதகமாக இருந்து, ஆட்டம் போகக்கூடிய இன்னோர் ஓட்டை களத்தில் நிற்கும் இடம். 2011 அக்டோபர் 27, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 7-5, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக், அதாவது இன்னும் ஒரே ஸ்ட்ரைக் கிடைத்தால் வெற்றி. நெஃப்தாலி ஃபெலிஸ் மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசிய பந்தை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் டேவிட் ஃப்ரீஸ் வலது களத்துக்கு அனுப்பினார். சமன் செய்ய வேண்டிய ரன்னர் முதல் பேஸில் நின்றதால், தலைக்கு மேல் எதுவும் போகக் கூடாத நேரம் அது. அங்கே நின்ற ரேஞ்சர்ஸின் நெல்சன் குரூஸ் சுவரை ஒட்டி நிற்கவில்லை. பந்து அவரைத் தாண்டி விழுந்து டிரிபிள் ஆனது, 7-7. பத்தாவதில் ரேஞ்சர்ஸ் மறுபடி 9-7 என்று முந்தி, மறுபடி கடைசி ஸ்ட்ரைக்கில் அதையும் தொலைத்தார்கள். பதினோராவதில் ஃப்ரீஸின் ஹோம் ரன், 10-9. குரூஸ் எங்கே நின்றார் என்பது அந்தப் பந்தை அடிப்பதற்கு முன் திரையில் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய எம்எல்பி.டிவி ஒளிபரப்பிலும் அது தெரிவதில்லை. கேமரா பிட்சரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மறுபடியும் வானொலிதான் கைகொடுக்கும்.

எண்களைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. செயலியில் ஒரு பிட்சரின் பெயருக்குப் பக்கத்தில் பறிகொடுத்த சேவ் என்று வந்ததும் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட வேண்டாம். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் ரிலீவருக்குத் தரும் சேவ் என்ற கணக்கு 1969-லிருந்து அதிகாரபூர்வமானது. அவர் சேவ் சூழலில் இறங்கி, சமன் செய்யும் ரன் வந்துவிட்டால் பறிகொடுத்தவர் ஆகிறார். அந்த ரன்னரை பேஸில் விட்டுப் போனவர் முந்தைய பிட்சராக இருந்தாலும் இதே கதிதான். ரன் முந்தையவர் கணக்கில், அவப்பெயர் இவர் கணக்கில். விட்டுச்சென்ற ரன்னர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ரன் எடுப்பது வழக்கம். ஒரு ரிலீவரை உள்ளபடி எடைபோட ஃபேன்கிராஃப்ஸில் ஷட்டவுன், மெல்ட்டவுன் என்ற இரண்டு கணக்கைப் பாருங்கள். அணியின் வெற்றி வாய்ப்பை 6 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்தினால் முன்னது, அதே அளவு குறைத்தால் பின்னது. எட்டாவது இன்னிங்ஸ்காரர்களின் பாவபுண்ணியம் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

புதிய விதிகளில் சில, கடைசி இன்னிங்ஸைப் பார்க்கும் விதத்தையே மாற்றியிருக்கின்றன. பேஸில் ஆள் இருந்தால் அடுத்த பந்தை வீச பிட்சருக்கு 18 விநாடிதான், தடுமாறுபவர் மூச்சு வாங்க முடியாது. ஒரே பேட்டர் நிற்கும்போது இரண்டு முறை ரன்னரை நோக்கி எறிந்துவிட்டால், மூன்றாவது எறிதலில் அவுட் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பாக், அதாவது ரன்னருக்கு இலவசமாக ஒரு பேஸ். அதனால் இரண்டாவது எறிதலுக்குப் பிறகு ரன்னர் துணிந்து ஓடுவார். மேட்டுக்குப் போய்ப் பேசும் வாய்ப்பு ஆட்டத்துக்கு நான்கு. 2026 முதல் பால்-ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்து முறையிட ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்பு, ஜெயித்தால் அது மிஞ்சும். நான்காவது இன்னிங்ஸிலேயே இரண்டையும் தொலைத்த அணி ஒன்பதாவதில் வாய்மூடி நிற்க வேண்டியதுதான்.

நேரலையைத் தவறவிட்டு மறுநாள் பார்ப்பவர்களுக்கு ஸ்கோரை மறைக்கும் அமைப்பு செயலியில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ஒரு கசிவு உண்டு. இன்னிங்ஸுக்குத் தாவும் பட்டியலைத் திறந்துவிடாதீர்கள். ஒன்பதாவதின் முதல் பாதியோடு பட்டியல் முடிந்தால் சொந்த மைதான அணி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். பத்தாவது தெரிந்தால் யாரோ ஒருவர் சமன் செய்திருக்கிறார். முன்னோக்கி நகர்த்தும் பட்டையையே பயன்படுத்துங்கள். நான்கு ஆட்டங்களை ஒரே திரையில் காட்டும் வசதி ஏப்ரல் மாதத்து மாலைகளுக்குச் சரி. உங்கள் அணி எட்டாவது இன்னிங்ஸில் இருக்கும்போது அதைத் தொட வேண்டாம், ஒலி தவறான ஆட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்.

விலையும் தடையும். 2025 சீசனில் எல்லா அணிகளுக்கும் சேர்த்து 149.99 டாலர், ஓர் அணிக்கு மட்டும் 129.99. இருபது டாலர் வித்தியாசத்துக்கு ஒரே அணியை வாங்குவதில் அர்த்தம் இருக்கவில்லை. 2026-லிருந்து அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் வழியாக விற்கிறார்கள், எனவே வாங்கும் நாளில் அங்கே உள்ள விலையையும் சலுகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி உள்ளூர்த் தடை. நீங்கள் இருக்கும் பகுதிக்குரிய அணிகளின் ஆட்டம் இந்தச் சந்தாவில் நேரலையில் வராது. முடிந்து சுமார் 90 நிமிடம் கழித்துத்தான் வரும். அயோவா மாநிலத்தில் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகளுக்கு இந்தத் தடை பேர்போனது, அங்கே ஓர் அணிகூட மைதானம் வைத்திருக்கவில்லை என்பது வேறு. பணம் கட்டும் முன் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, எந்தெந்த அணி தடையில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் அணியே அந்தப் பட்டியலில் இருந்தால் ஒலிச் சந்தாவே சரியான தேர்வு. சந்தா ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்றால் சீசன் முடிந்த கையோடு கணக்குப் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள், குளிர்காலத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.